ஒரு நிமிடம் நாற்பது வினாடி

ஜுசி என்கிற ஜுசிலெய்டியின் நோட்டில் இருபத்துநான்கு கலைச்சொற்கள் இருந்தன. மாலைக் கல்லூரியில் ஊடகப் பாடத்துக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை. மூலம், சட்டகம், பதிலுரிமை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். பகலெல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் பில் போட்டுவிட்டு வந்து, தலையெழுத்தே என்று உருப்போட்டுக்கொண்டிருந்தவள்தான். தம்பி தொலைக்காட்சியில் வந்த நாளிலிருந்து அந்தச் சொற்களுக்குப் பல் முளைத்துவிட்டது.

தம்பி எட்வான் மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். ரெசிஃபே நகரக் கடைத்தெருவில் ஒரு பெண்ணின் கைப்பையைப் பறித்த எவனோ அதைப் போட்டுவிட்டு ஓட, இவன் வண்டியை நிறுத்தி எடுத்து அவளிடமே நீட்டினான். யாரோ எடுத்த வீடியோவில் பை இவன் கையில் இருந்த நொடியை மட்டும் வெட்டியெடுத்து, தொலைக்காட்சியின் மதியக் குற்றச்செய்தி நிகழ்ச்சியில் அதன் தொகுப்பாளர் 'இடி' வால்மீர் காட்டினார். சைரன் அலற, மேசையைக் குத்தி, "பாத்துக்கங்க இந்தத் திருட்டு மூஞ்சிய!" என்று ஒரு நிமிடம் நாற்பது வினாடி கத்தினார். பையை வாங்க நீண்ட அந்தப் பெண்ணின் கை, வெட்டிய ஓரத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

மறுநாளே எட்வானின் வேலை போயிற்று. ரொட்டிக்கடை சேவெரினோ இவனுக்கு ரொட்டி கட்டும்போது கண்ணை இவன் கையிலேயே வைத்திருந்தார். அதோடு எட்வான் வெளியே போவதை நிறுத்தினான்.

"விட்டுடுக்கா. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"அவங்க மறப்பாங்கடா. நீ மறப்பியா?"

ஜுசி அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாள். முழு வீடியோவையும், 'இந்தப் பிள்ளைதான் என் பையைக் காப்பாற்றினான்' என்று அவள் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் வாங்கினாள். பிறகு நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, அவதூறுக்கு அதே இடத்தில் பதில் சொல்லவைக்கும் பதிலுரிமை கேட்டு, தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். சட்டம் கொடுத்த கெடு அறுபது நாள். கடிதம் நாற்பத்தோராம் நாள் போய்ச் சேர்ந்தது.

நிலையத்தின் வக்கீல் எலோயிசா அழைத்து உட்காரவைத்து, காபி கொடுத்து, தேனொழுகப் பேசினார்.

"நிகழ்ச்சி முடியும்போது ஒரு அறிவிப்பு போட்டுடறோம்மா. நம்ம பொண்ணு ஒண்ணு அழகா வாசிச்சுடும்."

"கடைசில பேரெல்லாம் ஓடறப்பவா மேடம்? அதை எங்க தெருவுல நாய்கூடப் பாக்காது. வால்மீர்தான் வாசிக்கணும். அதே நேரம். அதே ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு."

"சரி, அவரையே வாசிக்கச் சொல்றேன்."

"சைரனும் வேணும்."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சைரன் வெறும் அலங்காரம்மா. அது செய்தியில சேத்தி இல்ல."

"அலங்காரமா? அந்தச் சத்தம் கேட்டாத்தான் எங்க பக்கம் ஜனம் தலையத் தூக்கும். சைரன் போட்டுத் திருடன்னீங்க, சைரன் போட்டே இல்லைன்னு சொல்லுங்க. எங்க வகுப்புல இதுக்குப் பேரு சட்டகம். இந்தச் சேதிய உங்களுக்குக் குடுத்த மூலம் யாருன்னு நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கல. ஜட்ஜ் கேக்கட்டுமா?"

வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசைமேல் கிடந்த வாக்குமூலத்தை இன்னொருமுறை படித்தார். ஜுசி கேட்ட அத்தனைக்கும் ஒத்துக்கொண்டு, வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

வியாழன் மதியம் ஜுசி சேவெரினோவின் கடையில்தான் போய் நின்றாள். வேண்டுமென்றேதான். கூட்டம் சோளமாவில் அவித்த கூஸ்கூஸும் முட்டையுமாகத் தின்றுகொண்டிருந்தது. கடை டிவியில் சைரன் அலறியது. அத்தனை தலையும் நிமிர்ந்தது. வால்மீர் கசாயம் குடித்த முகத்தோடு வாசித்தார். முழு வீடியோ ஓடியது. பை எட்வான் கையிலிருந்து அந்தப் பெண்ணின் கைக்குப் போவதைக் கடையே பார்த்தது. மேசையைக் குத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பழக்கதோஷத்தில் அதையும் குத்தினார். கடையில் கைதட்டல் கிளம்பியது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா, நம்ம பையன் தங்கம்னு," என்றார் சேவெரினோ.

பச்சைப் பொய். ஆனாலும் ஜுசிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அவரைக்கூட மன்னித்தாள். திரும்பினால், வாசலில் எட்வான். நாற்பது நாளுக்குமேல் தெருவை மிதிக்காதவன், ஹெல்மெட்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்றிருந்தான். கையில் செல்போன்.

"பாத்தியாடா? ஊரே பாத்துடுச்சு!"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல நடுக்கடைக்கு வந்து, செல்போனை அவளிடம் நீட்டினான். அதில் வால்மீர் வாசித்த நேரத்தைக் குறித்திருந்தான்.

"ஒரு நிமிஷம் எட்டு செகண்டுதான்க்கா சொன்னான்."

"அட, போதும்டா. ஜெயிச்சாச்சு."

"எனக்குப் போதாது," என்றான் எட்வான். "எவ்வளவு நேரம் என்னையத் திருடன்னானோ, அவ்வளவு நேரமும் இல்லைன்னு சொல்லணும். பேனாவ எடுக்கா."