மூணாவது கம்பி

எம் பொண்ணு பிரான்சி போனதுலேருந்து துக்கம் கேக்க வர்றவங்க எல்லாம் ஒரே பேச்சுதான். "ஆண்டவருக்கு அவளை ரொம்பப் புடிச்சுப்போச்சு விஜயராணி, அதான் கூப்பிட்டுக்கிட்டாரு." ஒருத்திகிட்ட கேட்டே கேட்டுட்டேன்: "கூப்பிடுறதுக்கு மணல் லாரிதான் கெடச்சுதா அவருக்கு?" காபியைப் பாதியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. போகட்டுமே. காந்தி மார்க்கெட்ல கீரை வித்துக் கத்திக் கத்திப் பழகின வாய் இது. நயமாப் பேச எனக்கு எங்க வருது?

ஸ்ரீரங்கத்துல ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்த்தா. "சோத்தைப் போட்டு வைம்மா, கெளம்பிட்டேன்"னு போன் பண்ணா. மாம்பழச்சாலை திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. போட்டு வெச்ச சோத்தை மறுநாள் நான்தான் கொட்டினேன்.

எங்க வீட்டுக்காரர் விக்டர் ஒரு வார்த்தை பேசல. அழவும் இல்ல. நாலாம் பக்கமும் ஆளுங்க மாரடிச்சு அழறாங்க, இவரு என்னமோ பஸ்சுக்குக் காத்திருக்கிறவரு மாதிரி சேர்ல உக்காந்திருந்தாரு. அப்புறம் ஒருநாள் பீரோ மேல போர்வையில சுத்திக் கெடந்த கிட்டாரை எறக்கினாரு.

"முப்பதாம் நாள் பூசைக்கு அவ பாட்டை வாசிக்கப் போறேன்"னாரு.

எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. பாலக்கரையில எங்க கோயில் பாடகர் குழுவுல இவருதான் முந்தி கிட்டார். கம்பெனியில பிரஸ் மெஷின் இடது கையில மூணு விரலைத் தின்னதோட அந்தக் கதை முடிஞ்சுது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். அதை வெச்சு எப்படி வாசிப்பாரு?

அவ பாட்டுன்னா, இவரே எழுதி மெட்டுப் போட்டது. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பிரான்சிதான் பாடுவா. ஆரம்பம் எல்லாம் ஒரே அழுகையா இருக்கும். பல்லவி வந்ததும் சட்டுனு வெளிச்சம் போட்ட மாதிரி மாறும். 'விடிந்ததும் வருவேன், வாசல் திறந்து வை'ன்னு செத்தவங்க சொல்ற மாதிரி வரும்.

போன்ல ஏதேதோ வீடியோ பார்த்தாரு. ஆறு கம்பியையும் வழக்கமா வைக்கிற சுருதியில வைக்காம, வேற மாதிரி தளர்த்தி வெச்சுட்டா, விரலே வைக்காம மீட்டினாலும் ஆறும் ஒண்ணா இசையுமாம். ஒத்தை விரலைக் குறுக்கால படுக்கப் போட்டு அப்படியே நகர்த்தினா முழுப் பாட்டும் வாசிச்சுடலாமாம். ரெண்டு நாள் உக்காந்து உக்காந்து வாசிச்சாரு. எனக்குப் பொறுக்கல.

"என்னங்க இது, எழவு வீட்ல கல்யாண மேளம் அடிக்கிற மாதிரி இருக்கு?"

"ஆமா ராணி. எல்லாமே மேஜராத்தான், சிரிக்கிற சுருதியாத்தான் வருது"ன்னாரு. அப்புறம் மூணாவது கம்பியை மட்டும் துளி தளர்த்தி மீட்டினாரு. அடப் பாவி, அதே கிட்டாரு ஓன்னு அழுதுச்சு! அந்த ஒத்தைக் கம்பியிலதான் அழுகையும் சிரிப்பும் இருக்காம். ஆனா பாட்டுக்கு ரெண்டும் வேணுமே. பல்லவி வரும்போது அதை முறுக்கணும், முடிஞ்சதும் தளர்த்தணும். இவருக்கு ஏது கை?

"உன் கையைக் குடு ராணி"ன்னாரு.

பக்கத்துல உக்காந்து கிட்டார் தலையில இருக்கிற அந்தத் திருகைப் புடிச்சுக்கிட்டேன். அவரு தலையை ஆட்டினா முறுக்கணும். மொத தடவை முறுக்கின முறுக்குல கம்பி பட்டுனு அறுந்துபோச்சு. தென்னூருக்குப் போய் வேற வாங்கிட்டு வந்தாரு. போகப் போக எனக்கும் கைப்பக்குவம் வந்துச்சு, குழம்புக்கு உப்புப் போடுறாப்புல. மனுஷன் ரெண்டு வாய் சாப்பிடவும் ஆரம்பிச்சாரு. அதுக்காகவே உக்காந்தேன்.

ஒருநாள் வாசிச்சு முடிச்சுட்டுச் சொன்னாரு: "நீ முறுக்குற பாரு, அந்த இடத்துல அவ வாசல்ல வந்து செருப்பைக் கழட்டுற மாதிரியே இருக்கு ராணி. வந்துடுவா போல இருக்கு. அதுக்குத்தான் வாசிக்கிறேன்."

பெத்தவ நான். பொட்டியில போட்டு மூடுறப்போ அவ நெத்தியைத் தொட்டுப் பார்த்தவ. என் கையை வெச்சே எனக்குப் பொய் சொல்றாரே இந்த மனுஷன்! ஆனா மறுநாளும் போய் அந்தத் திருகைப் புடிச்சுக்கிட்டேன்.

பூசை அன்னிக்கு கோயில் நெறைய ஜனம். பிரான்சி போட்டோவுக்கு மாலை போட்டு முன்னாடி வெச்சிருந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு மைக். இவரு மீட்ட ஆரம்பிச்சதும் பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் தொடைச்சாங்க. ஒத்தை விரல்ல அவ்வளவு நல்லா வாசிச்சாரு. பல்லவி வந்துச்சு. தலையை ஆட்டினாரு.

நான் முறுக்கல. கை மரத்துப் போச்சுன்னெல்லாம் சொல்ல மாட்டேன். வேணும்னுதான் முறுக்கல. போட்டோவுல சிரிக்கிறாளே, அவ முன்னாடி வெச்சு அந்தப் பொய்யை என்னால சொல்ல முடியல.

மறுபடி தலையை ஆட்டினாரு. "ராணி"ன்னாரு மெதுவா.

"என்னங்க, அவ வரமாட்டா"ன்னேன்.

பாழாப்போன மைக் அதைக் கோயில் பூரா சொல்லிடுச்சு. கூடப் பாட வாயைத் திறந்த பாடகர் குழுப் பொண்ணுங்க அப்படியே நின்னுட்டாங்க. ஃபாதர் நிமிர்ந்து பார்த்தாரு. இவரு என்னைப் பார்க்கவே இல்ல. ஒரு நொடி கை நின்னுச்சு. அப்புறம் அந்தப் பல்லவியையும் தளர்ந்த கம்பியிலயே வாசிச்சாரு. சிரிக்க வேண்டிய இடம் எல்லாம் அழுதுச்சு. ஒருத்தரும் கூடப் பாடல. கடைசி வரைக்கும் தனியாவே வாசிச்சு முடிச்சாரு.

வெளியில வந்ததும் பாடகர் குழு மாஸ்டர் செபஸ்தியான் ஓடி வந்தான். "என்னக்கா, அந்த இடத்துல போய் இப்படி மறந்துட்டீங்களே? பாட்டே கெட்டுப்போச்சு."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவரு சொன்னாரு: "மறக்கல தம்பி. ராணி சொன்னதுதான் சரி. எம் புள்ள வரமாட்டா."

சொன்னதுதான் தாமதம், அங்கேயே மண்ணுல உக்காந்துட்டாரு. "வரமாட்டாடி ராணி, நம்ம புள்ள வரமாட்டாடி"ன்னு மிச்சம் இருக்கிற ரெண்டு விரலால என் சேலையைப் புடிச்சுக்கிட்டு ஊரே கேக்கக் கத்தினாரு. அன்னிக்குத்தான் எங்க வீட்ல எழவு விழுந்துச்சு.