எண்பதுக்கு மேல்

செல்போனில் இரண்டு சார்ஜ் இயந்திரங்களும் பச்சையாகத்தான் தெரிந்தன. நேரில் வந்து பார்த்தால் ஒன்றின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டியிருந்தார்கள். மற்றதில் ஒரு வெள்ளைக் கார் நின்று மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது, சொந்தக்காரரைக் காணோம். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பையை விலக்கிப் பார்த்தாள். திரையில் வெளிச்சம் வந்தது. 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்றது. மரியாதையாகச் சொல்கிறதே என்று காத்திருந்தாள். எழுத்து அணைந்தது, மறுபடியும் அதே எழுத்து வந்தது.

"அது அப்படித்தாங்க சொல்லிட்டே இருக்கும். நாங்களும் நம்பி ஏமாந்தோம்."

மரச்சாமான் கடையின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு நீலக் கார் நின்றிருந்தது. சொன்னவர் அதன் கதவைத் திறந்துபோட்டுக் காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார், தலையில் துணித் தொப்பி. பக்கத்தில் அவர் மனைவி மடியில் காகிதத்தை விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். "அடுத்து நாங்கதான். எங்களுக்கப்புறம் நீங்க" என்றார் தொப்பிக்காரர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரி சிரித்து.

பெட்ரோல் பங்க் என்றால் வரிசை கண்ணுக்குத் தெரியும். இந்த இடங்களில் வரிசை வாயில்தான் இருக்கிறது. வந்ததும் யார் கடைசி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் சுற்றப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் போன் நம்பரை வைத்துவிட்டுப் போக வேண்டும். எண்பது சதவீதம் ஏறியதும் வண்டியை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு மேல் ஆமை வேகத்தில்தான் ஏறும், பின்னால் நிற்பவன் காய்ந்து போவான். இதையெல்லாம் யார் சட்டமாகப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மீறினால் மட்டும் எல்லாருக்கும் கோபம் வரும். வெள்ளைக் கார்க்காரன் தொண்ணூறையும் தாண்டி விட்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் நம்பருக்குப் பதிலாக ஒரு பஞ்சுக் கரடி உட்கார்ந்திருந்தது.

அவள் வண்டியில் மிச்சம் இருந்தது அடுத்த ஊருக்குக்கூடக் காணாது. போகவேண்டியதோ அக்கா வீட்டுக்கு, பாதி வழிதான் வந்திருக்கிறாள். காலையில் அக்காவின் மகள் போன் செய்து, அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொல்லிவிட்டு, "சித்தி, இருட்டுறதுக்குள்ள எடுத்துடணும்னு அப்பா சொல்றாரு. நீங்க வந்துருவீங்கல்ல?" என்று கேட்டாள். "வந்துருவேன்டி" என்றாள் இவள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஏதோ பஸ்ஸைப் பிடிப்பது மாதிரி ஓடிவந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ராத்திரி பூராவும் சார்ஜ் ஏறவே இல்லை. ஒயரை வண்டியில் ஒழுங்காகத்தான் செருகியிருந்தாள். சுவரில் சுவிட்சைப் போட மறந்திருந்தாள்.

ஏன் மறந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அப்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் இருந்தது, போனில் அக்கா இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் முடிக்குச் சாயம் அடிக்கப்போய் காதுக்கும் சேர்த்து அடித்துக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் சுவிட்சாவது ஒன்றாவது. "சரி வெச்சிடறேன்" என்று அக்கா சொன்னாள். அக்கா அப்படிச் சொன்னால் இன்னும் அரை மணி நேரம் பேசப்போகிறாள் என்று அர்த்தம். நேற்றும் பேசினாள்.

வெள்ளைக் கார்க்காரன் ஒருவழியாக வந்தான். கையில் ஐஸ்கிரீம். யாரையும் பார்க்காமல் ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். தொப்பிக்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு சாவியைத் தேடினார். இப்போது கேட்டால்தான் உண்டு. அவர்கள் வண்டி ஏறி முடியும் வரை நின்றால் வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேர முடியாது. இனி ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்க்க முடியாது.

கேட்பது என்னவோ சுலபம்தான், அவளைத் தவிர வேறு யாருக்கும். பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் இத்தனை வருஷமாக உட்கார்ந்து, முறை தவறி உள்ளே போகப் பார்ப்பவர்களின் கதைகளையே அவள் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அம்மா, வாசலில் கல்யாண வண்டி, ஏர்போர்ட்டில் மகன். ஒரே மாமனார் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை செத்ததும் உண்டு. "எல்லாருக்கும் அவசரந்தாங்க, உக்காருங்க" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, மத்தியானம் சாப்பிடும்போது அக்காவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு யாரைச் சாகடித்தார்கள் என்று சொல்வாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அது உண்மையாகவும் இருந்து தொலைக்கிறது.

காலையிலிருந்து அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம் "அக்கா..." என்று ஆரம்பித்தபோதே அவர் புரிந்துகொண்டு எழுந்து வந்து தோளைப் பிடித்தார். வேலை முடித்து ரயிலில் வருவதாகச் சொன்னார். டாக்டருக்கு 'அவசரம், லீவு' என்று மட்டும் செய்தி அனுப்பினாள். நீலக் காரின் பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தபோது, தொண்டைவரை வந்தது மேலே வர மறுத்துவிட்டது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் முதல்ல போட்டுக்கட்டுமா? எங்கக்காவுக்கு உடம்பு சரியில்ல."

சொன்ன பிறகு தூக்கிவாரிப் போட்டது. திருத்தவும் தோன்றவில்லை.

தொப்பிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஆரஞ்சை அப்படியே காகிதத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். "ஐயோ, இதுக்கு என்னங்க கேள்வி? போய் வண்டிய எடுத்துட்டு வாங்க. நாங்க சும்மா வீட்டுக்குத்தான் போறோம், வீடு எங்கயும் ஓடிடாது."

பெட்ரோல் போடுவதற்கு இருப்பது போலவே பிடி வைத்த அந்தச் சாதனத்தை கன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒயரோடு சேர்ந்து அது நல்ல கனம். அந்த அம்மாள் ஒயரைத் தூக்கிப் பிடிக்க, அவள் செருகினாள். எண்கள் ஏற ஆரம்பித்தன. பாதி ஏறினால் போதும், தாராளமாகப் போய்விடலாம்.

"அக்காவுக்கு என்னங்க?"

"நெஞ்சு வலி."

"இப்பல்லாம் அதுக்கு எவ்வளவோ வந்துருச்சு. இவருக்கே ரெண்டு வருஷம் முன்னாடி வந்துச்சு. பாருங்க, இப்ப தெருவுல பந்து விளையாடுறவங்களோட சண்டைக்குப் போறாரு. ஒண்ணும் ஆகாது. உங்கக்கா தைரியமானவங்களா?"

"தைரியமா? பல்லியைப் பாத்தா கட்டில் மேல ஏறி நின்னுக்கும்" என்றாள். அந்த அம்மாள் சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம். "ஆனா ஸ்கூல்ல அவ பேரைச் சொன்னா பசங்க நடுங்குவாங்க. கணக்கு டீச்சர். வீட்டுக்கு வந்தா கடைக்காரன் குடுத்த மீதியைக்கூட எண்ணிப் பாக்க மாட்டா."

அந்த அம்மாள் ஆரஞ்சைக் கொண்டுவந்து பாதியைக் கையில் வைத்தாள். இருவரும் கடைக்காரர்கள் தூக்கிப் போட்டிருந்த பழைய சோபாவில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். அக்கா பாட்டுப் பாடினால் ஒரு வரிக்கு மேல் வார்த்தை தெரியாது, தெரியாத இடத்தில் தன் மகளைத் திட்டும் வார்த்தைகளைப் போட்டு நிரப்பிக்கொள்வாள். அடுத்தவர் தட்டில் இருப்பதுதான் அவளுக்கு ருசி. புதுச் செருப்பு வாங்கினால் இவளுக்குக் கொடுத்து நாலு நாள் போட்டுப் பழக்கித் தரச் சொல்லுவாள். சொல்லுவாள், பாடுவாள், ஏறி நிற்பாள். வாக்கியத்துக்கு வாக்கியம் அக்கா நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் உடம்புக்கு முடியவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது. அது நியாயமில்லாத நிம்மதி என்று தெரிந்தே அதில் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. அக்காவின் மகள். அவள் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

பாதி ஏறியதைப் பார்த்தாள். வழியில் நெரிசல் இருந்தால் என்ன செய்வது, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அறுபதில் எழுந்தாள். "உங்களுக்கும் அவங்களுக்கும் சண்டையே வராதா?" என்று அந்த அம்மாள் கேட்டதும் மறுபடி உட்கார்ந்து, ஒரு பச்சைப் புடவைக்காக இரண்டு மாசம் பேசாமல் இருந்த கதையை ஆரம்பித்தாள். அந்தக் கதை முடிவதற்குள் எழுபது ஆனது, எண்பது ஆனது. ஒயரைப் பிடுங்கினால் வண்டியில் ஏற வேண்டும். ஏறினால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும், கூடத்தில் கிடத்தியிருப்பார்கள். இந்தச் சோபாவில் அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. எண்பதுக்கு மேல் எண்கள் ஆமையாக நகர்ந்தன. அது அவளுக்கு வசதியாகக்கூட இருந்தது.

எப்போது வந்து நின்றதோ, ஒரு கறுப்புக் காரிலிருந்து கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு ஒருவர் இறங்கி வந்தார்.

"எண்பத்தி நாலு காட்டுது. எடுக்கிறதா உத்தேசம் இருக்கா இல்லையா?"

"கொஞ்சம் பொறுங்க சார்" என்று தொப்பிக்காரர் குறுக்கே வந்தார். "எங்க முறையத்தான் அவங்களுக்குக் குடுத்திருக்கோம். அவங்கக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், பாக்கப் போறாங்க."

"அப்ப போக வேண்டியதுதானே? அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னா இங்க உக்காந்து எதுக்கு ஆரஞ்சு சாப்பிடணும்?"

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. கேட்டதில் தப்பும் இல்லை. அவளுக்கே அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. கையில் மிச்சமிருந்த சுளையைப் பார்த்தாள். சூரியன் மரச்சாமான் கடையின் கூரைக்குக் கீழே இறங்கியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தாள்.

"அக்கா செத்துட்டா" என்றாள். "காலையிலேயே செத்துட்டா."

காலையிலிருந்து தொண்டையில் நின்றது இவ்வளவுதான்.

கறுப்புக் கார்க்காரர் அவளையும் தொப்பிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பதான் உடம்பு சரியில்லன்னாரு, நான் கேட்டதும் செத்துட்டாங்களா?" என்றார். "இதெல்லாம் ரொம்பப் பாத்தாச்சும்மா. எடுங்க வண்டிய."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நம்பித்தான் கழற்றினாரா, தலை வேர்த்துத்தான் கழற்றினாரா என்று சொல்ல முடியாது. அவள் போய் கன்னை இழுத்தாள். வரவில்லை. வண்டியைத் திறந்தால்தான் அது விடும் என்பதுகூட மறந்துபோய் மறுபடி மறுபடி இழுத்தாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் கையிலிருந்த சாவியை வாங்கி அமுக்கியது. கன் கழன்று வந்தது. அந்த அம்மாள்தான் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பச்சைப் புடவை" என்றாள் அந்த அம்மாள், சின்னக் குரலில். "அதுவும் பொய்யா?"

"இல்லீங்க. அது நிஜம். சொன்னதெல்லாம் நிஜம். உடம்பு சரியில்லன்னதுதான்..."

"சரி, சரி. பேசாதீங்க. பாத்து ஓட்டுங்க."

சாலைக்கு வந்ததும் போனை எடுத்துப் பேசினாள். "சித்தி, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்துட்டாங்க. அப்பாகிட்ட இருட்டுற வரைக்கும் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். அதுக்கு மேல நான் என்ன சொல்றது?" அந்தக் குரல் அக்காவின் குரலைப் போலவே இருந்தது. "வந்துட்டேன்டி, வந்துட்டே இருக்கேன், இன்னும் இருட்டலடி" என்று சொல்லி வைத்தாள். வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினாள்.

இருபுறமும் மரங்கள் கறுக்க ஆரம்பித்திருந்தன. வண்டியின் முன்விளக்குகள் தானாக எரிந்தன. அவள் கையை நீட்டி அவற்றை அணைத்தாள். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, விளக்கைப் போடு, விளக்கைப் போடு என்று அவளுக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே கடந்துபோனார்கள். அவள் போடவில்லை.