சனிக்கிழமைத் தண்ணீர்

சனிக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்குச் சங்கீதா துளசியின் வீட்டு வாசலில் நின்றாள். அதற்கு முன் இரண்டு முறை தெருமுனை வரை வந்து திரும்பியிருந்தாள்.

மறுநாள் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் பகிரும் ஆராதனை. பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அவர்களுடைய சின்னச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் மனதையாவது நோகடித்திருந்தால், முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். குடிக்காதவர் அப்பத்துக்குக் கை நீட்டக்கூடாது. போதகர் விசாரிப்பதில்லை. அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவார்.

இரண்டு வாரத்துக்கு முன் துளசி சங்கீதாவிடம் வந்து அழுதாள். நாலு மாதமாகக் குடியை விட்டிருந்த கணவன் நமச்சிவாயம் மறுபடி குடித்துவிட்டான். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள். சங்கீதா தலையசைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், "நம்ம நமச்சிவாயம் பிரதருக்காக ஜெபிப்போம், திரும்பவும் விழுந்துட்டார்" என்று சொல்லி அழுதாள். பதினொரு பெண்கள் ஆமென் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் பட்டு முதலாளி காதுக்குச் செய்தி போய்விட்டது. நமச்சிவாயத்துக்கு நெய்யத் தருவதாக இருந்த கல்யாணப் புடவையை வேறு தறிக்குக் கொடுத்துவிட்டார்.

நமச்சிவாயம்தான் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் தறி வெறுமனே நின்றது.

"வாங்க சிஸ்டர். தண்ணிக்குத்தானே? காலையிலேருந்து நீங்க அஞ்சாவது ஆளு. குடமே காலியாயிக்கினு இருக்குது."

"அஞ்சு பேரா?"

"வந்தாங்க, குடிச்சாங்க, ஸ்தோத்திரம்னாங்க, போயிட்டாங்க. எதுக்கு வந்தோம்னு ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் எனக்காக ஜெபிச்சிக்கினு இருக்காங்களாம். ஜெபிச்ச ஜெபத்துல இருந்த வேலையும் போயிடுச்சு."

சிரித்தான். அதில் குத்தல் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"முதல்ல யார் வாயத் திறந்தாங்கன்னுதான் தெரியல. துளசிக்குத் தெரியும். கேட்டா, சபையில ஒருத்தரக் காட்டிக் கொடுக்க மாட்டேங்குது."

உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சமையலறையில் துளசி அரிசி களைந்துகொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பவில்லை.

குடித்துவிட்டுப் போய்விடலாம். வழக்கத்துக்கு அது போதும். ஒன்பது வருஷமாகப் பெண்கள் ஜெபத்தை நடத்துகிறவள் அவள். இது வெளியே வந்தால் இனி யார் வீட்டுக் கவலையை அவளிடம் கொண்டுவருவார்கள்?

டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"நான்தான் தம்பி. துளசி என்னை நம்பிச் சொல்லுச்சு. ஜெபத்துலதானே சொல்றோம்னு பேரோட சொல்லிட்டேன்."

சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"அதுகூட முழு உண்மை இல்ல. சொல்லும்போது எல்லாரும் என்னையே கவனிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. கண்ணை மூடிக்கினுதான் இருந்தேன். ஆனாலும் தெரிஞ்சுது. அது நல்லா இருந்துச்சு."

உள்ளே அரிசி களையும் சத்தம் நின்றது.

நமச்சிவாயம் தறியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"குடிங்க சிஸ்டர். நான் குடிச்சது பொய் இல்லியே."

அவள் டம்ளரை உயர்த்தினாள். துளசி முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சங்கீதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இங்க நாங்க ரெண்டு பேர்தான் இருக்கோம்க்கா. அன்னிக்கு அங்க பதினோரு பேர் இருந்தாங்க. நாளைக்கு அவங்க முன்னாலயும் சொல்லுவீங்களா?"