ரயிலில் ஐந்து வாரட்டா

லாசன் நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து கிளெனிஸைப் பெட்டியே முறைத்தது. மடியில் ஈரத்துணி சுற்றிய ஐந்து வாரட்டாப் பூக்கள். ஒவ்வொன்றும் கைமுஷ்டி அளவு. தீப்பிடித்தது போன்ற சிவப்பு. ஆறு வருடம் காத்திருந்து வளர்த்த செடி முதன்முதலாகப் பூத்ததே இந்த ஐந்துதான். மகள் டெஸ்ஸுக்குப் பரமாட்டாவில் இன்று கல்யாணம். கையில் பிடிக்க இந்தப் பூதான் வேண்டும் என்று சிறுமியாக இருந்தபோதே சொல்லிவிட்டாள்.

"எந்தக் காட்டுல வெட்டினீங்க?"

எதிர் இருக்கைப் பெண்மணி. தொப்பியில் காட்டுப்பூப் பாதுகாப்புச் சங்கத்தின் வில்லை. பெயர் லோர்னா என்று அதிலேயே எழுதியிருந்தது.

"காடா? என் வீட்டுத் தோட்டத்துப் பூங்க இது!"

"பிடிபட்டவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. காட்டு வாரட்டாவைத் தொட்டா அபராதம், தெரியுமில்ல? ரயில் கார்டைக் கூப்பிடறேன். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிப் பதில் சொல்லுங்க."

கிளெனிஸ் ஈரத்துணியை இறுக்கிப் பிடித்தாள். நடுவழியில் இறக்கிவிட்டால் கல்யாணம் முடிந்துதான் போய்ச் சேர முடியும்.

"அட விடுங்கம்மா," என்றான் பக்கத்தில் பூட்ஸ் காலை நீட்டியிருந்த தச்சன். "திருடற ஆளு பூவைத் தொட்டில் குழந்தை மாதிரி மடியில வச்சிக்கிட்டா போவாங்க?"

"நீ சும்மா இருப்பா. பூவைப் பாத்தியா, எவ்வளவு பெரிசு! வீட்டுல இப்படி வளருமா?" லோர்னா கிளெனிஸ் பக்கம் குனிந்தார். "சரி, சொல்லுங்க. இதுக்கு என்ன உரம் போட்டீங்க?"

கிளெனிஸின் முகம் சிவந்தது. மறைக்க நினைத்தாள், முடியவில்லை.

"இதுக்கு ஒண்ணுமே போடலை. போட்டதெல்லாம் இதுக்கு முன்னாடி வச்ச மூணுக்கு. ரெண்டுக்குக் கோழி எரு, ஒண்ணுக்கு ரோஜா உரம். ஆசை ஆசையாப் போட்டேன். மூணும் கருகிப் போச்சு."

தச்சன் வெடித்துச் சிரித்தான். லோர்னா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"கோழி எருவா?"

"மூட்டை மூட்டையா."

"என்னுது அஞ்சு போச்சும்மா," என்றார் லோர்னா, குரல் தாழ்ந்து. "உரத்தாலதான். வளர்த்துப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். இதுக்கு எப்படி...?"

"தண்ணி நிக்காம சரிவுல ஜல்லி கொட்டி மேடாக்கினேன். அப்புறம் கிட்டவே போகலை. திட்டறதுக்குக் கூடப் போகலை."

"பூத்த கிளையை அடியோட வெட்டிட்டீங்களா?"

"இன்னைக்குக் காலையிலதான். பொண்ணு கல்யாணத்துக்காக அழுதுகிட்டே வெட்டினேன்."

"நல்லது. அப்பதான் அடுத்த வருஷம் புதர் மாதிரி கிளம்பும்." லோர்னா ஒரு பூவை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். உள்ளே தேன் மினுங்கியது. "கடவுளே, என்ன அழகு!"

பரமாட்டாவில் கிளெனிஸ் இறங்கினாள். பிளாட்பாரத்தில் நின்ற நிலைய ஊழியர் பூவைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், இது எங்கிருந்து..."

தான் இறங்க வேண்டிய ஊர் இன்னும் தூரம் இருந்தும், லோர்னா ரயில் கதவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்:

"வீட்டுப் பூய்யா அது! மூணு செடியைக் கொன்னுட்டு வளர்த்திருக்காங்க! நான் சாட்சி, வழி விடு, பொண்ணு காத்திருக்கா!"

"நானும் சாட்சி!" என்றான் தச்சன் ஜன்னலிலிருந்து.

ஊழியர் விலகினார். கிளெனிஸ் ஓடினாள்.