காமு பார்த்த சிவப்பு

2023 துர்கா பூஜை முடிந்த வாரத்திலிருந்து காமுவின் வலது கண் பட்ட பொருளில் சிவப்பு நிற்பதில்லை. பெஹாலாவில் டிராம் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் போனது தக்காளி. நறுக்க எடுத்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உரித்த வெங்காயம் மாதிரி ஆயிற்று. பிறகு கேஸ் சிலிண்டர், காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகள், சந்து முனைத் தபால் பெட்டி. தபால் பெட்டிக்கு மறுபடி பெயிண்ட் அடித்தார்கள். மறுநாள் அவள் பால் வாங்கப் போனாள், அதுவும் போயிற்று. அதற்கப்புறம் யாரும் அடிக்கவில்லை. கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. நடுவில் புகை மூட்டம் போட்ட மாதிரி இருந்தது. வெந்நீரில் குளித்த நாட்களில் புகை அதிகமாகி, மூன்று வீடு தள்ளிக் காய்கிற புடவைகூட வெளுத்தது. துணி கட்டிப் பார்த்தார்கள், துணிக்குள்ளிருந்தும் கண் தன் வேலையைச் செய்தது. இறுக மூடினால்தான் நின்றது. ஒற்றைக் கண்ணை இறுக்கிக்கொண்டு எவளால் சமைக்க முடியும்?

கணவர் குருமூர்த்தி அவளைப் பாலிகஞ்சில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை இடது கண்ணுக்குக் காட்டினார். சிவப்பு என்றாள். வலது கண்ணுக்குக் காட்டினார், மூடி அவர் விரலிலேயே வெளுத்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு பாட்டிலைத் திறந்தார். வெளியே கூட்டம், அவருக்கு வியக்க நேரமில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, அட்மிட் ஆகி டிரிப்பில் மருந்து ஏற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று பெங்காலியில் மடமடவென்று சொன்னார். குருமூர்த்தி திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் குமாஸ்தா. பெங்காலி அவருக்குக் காய்கறிக்காரனோடு பேசுகிற அளவுக்குத்தான். டாக்டர் சொன்னதில் அவர் காதில் நின்றது ஒன்றே ஒன்று: திருஷ்டிர் தோஷ்.

“பார்த்தியா, திருஷ்டி தோஷமாம். டாக்டரே ஒத்துண்டுட்டார். இவா வாயிலேர்ந்து நிஜம் வந்தது இதான் முதல் தடவை.”

“நரம்புன்னு என்னமோ சொன்னாரேன்னா.”

“அது பில்லுக்கு.”

அன்று சாயங்காலமே பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி, அவளுக்குச் சுற்றி முச்சந்தியில் உடைத்தார். ஆட்டோக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, யாருக்கு அடி என்று பதறினான். அதற்குள் காமு பார்த்துவிட்டாள். ரோட்டில் கிடந்தது சுண்ணாம்பு மாதிரி இருந்தது, ஆட்டோக்காரன் போய்விட்டான். இப்படி ஒரு மாதம். உப்பு சுற்றினார், மிளகாய் சுற்றினார். மிளகாய் வெளுத்தது, காரம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் கீழ்வீட்டு சாதனா, வீட்டுச் சொந்தக்காரி, மாடியேறி வந்து கேட்டாள். குருமூர்த்தி அவளுக்கு தாதா, அதாவது அண்ணன்; காமு பௌதி, அண்ணி.

“தாதா, தினம் தெருவுல எதுக்குப் பூசணிக்காய்?” அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. “எங்க பாஷையில திருஷ்டின்னா பார்வை. தோஷ்னா குறை. பார்வையில குறைன்னு சொல்லியிருக்கார். கெட்ட கண்ணு இல்ல தாதா.”

குருமூர்த்தி ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்து வைத்தார். மருந்து ஏறியதும் புகை கலைந்தது, பஸ் நம்பர் படிக்க வந்தது, வலியும் நின்றது. சிவப்பு மட்டும் திரும்பவில்லை. அந்த ஒரு மாதத்தாலா என்று கேட்டதற்கு, இருக்கலாம், உடனே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். டாக்டர்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். குருமூர்த்தி பூசணிக்காய் சாப்பிடுவதை விட்டார்.

தக்காளி வெளுத்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. பெங்காலிப் பெண்கள் வகிட்டில் வைக்கிற சிந்தூர் வெளுத்தால்தான் வம்பு. அங்கே வெறும் வகிடு புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு. காமு எதிரில் வந்தால் அவர்கள் அடுத்த பக்க நடைபாதைக்குப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். தரையைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்த வருஷ பூஜைக்கு அவளைக் கூப்பிடவில்லை. பெங்காலிகளின் கார்த்திக மாதம் போனபின் பூர்ணிமாவின் கல்யாணம் வந்தது. பூர்ணிமா சாதனாவின் மகள். பிள்ளையில்லாத காமுவிடம் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, தயிர்சாதமும் தமிழும் சேர்த்துப் பழகியவள். அவளைக் கல்யாணக் கோலத்தில் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணால் காமுவுக்கு வேறொன்றும் ஆகவேண்டியதில்லை.

சாதனா பத்திரிகையோடு வந்து, டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “பௌதி, பொண்ணும் மாப்பிள்ளையும் முதல்ல முகம் பார்க்கிற நேரம் இருக்கே, சுபோதிருஷ்டி. அப்போ நீ அங்க நின்னா...”

“நான் வரலை சாதனா. எனக்கும் முட்டி வலி. டீயைக் குடி.”

கல்யாணத்தன்று காமு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். கீழே சங்கு ஊதினார்கள். பூர்ணிமா சிவப்பு பனாரஸியும் காலில் ஆல்தாச் சிவப்புமாக, பின்னால் சாதனா கத்திக்கொண்டு வர, மாடியேறிக் கதவைத் தட்டினாள். காமு இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு திறந்தாள்.

“மாமி, கண்ணைத் திறங்க.”

“வேண்டாம்டி. வெளுத்துப் போயிடும். தடவிப் பார்த்துக்கறேன், போறும்.”

“போனாப் போகட்டும். வாடகைப் புடவை இல்ல, என்னோடதுதான். பார்க்காம நல்லாருக்குன்னு நீங்க பொய் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும்.”

“உங்கம்மா?”

சாதனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. “பாரு பௌதி,” என்றாள் கடைசியில். “நேரம் ஆகுது.”

காமு பார்த்தாள். கரையிலிருந்து மேலாக, நனைந்த சுவர் காய்கிற மாதிரி, சிவப்பு நிதானமாக விட்டுப்போயிற்று. ஜரிகை மட்டும் நின்றது. ஆல்தா போயிற்று, பவழ வளையல் சங்கு வளையலோடு ஒன்றாயிற்று. தலை முதல் கால் வரை காமு அவளைப் பார்த்து முடித்தாள். இடுப்பில் மடிப்பு சரியில்லை என்று குனிந்து நீவிவிட்டாள். பிறகு மூவரும் கீழே இறங்கினார்கள். வெள்ளையில் வந்த பெண்ணைக் கண்டு கூட்டம் பேச்சை நிறுத்தியது. லக்னம் தப்புகிறது என்று புரோகிதர் அதட்டினார். மாப்பிள்ளை பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தான். வகிட்டில் அவன் இட்ட சிந்தூர் வெளுத்தது, மறுபடி இட்டான், அதுவும் வெளுத்தது. டப்பா காலியாகும் வரை இட்டான். காமுவை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

பூர்ணிமா இப்போது ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அவ்வப்போது வயிறு சரியில்லை, மற்றபடி சௌக்கியம். மாதம் ஒருமுறை சிவப்பு கட்டிக்கொண்டு பெஹாலாவுக்கு வருகிறாள், சாயங்காலம் வெள்ளையில் திரும்புகிறாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, மாடிக்குப் போய் மாமியைப் பார்த்தாயா என்று சாதனா கேட்கிறாள். புடவையைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் கேட்கிறாள்.