சலமன்காவில் வெறுங்கால்

என் அண்ணன் பாக்கியசாமி ஸ்பெயினுக்குப் படிக்கப் போனபோது வீட்டில் அதிகம் பயந்தவள் நான்தான். பாசமெல்லாம் அப்புறம். "மூத்தவன் நிலைச்சுக் காட்டட்டும், அப்புறம் உன் பேச்ச எடுப்போம்" என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அதாவது, அவன் அங்கே நிலைத்தால்தான் நான் மதராஸுக்குப் போய் ஆசிரியைப் பயிற்சி படிக்கலாம். அண்ணனோ, இங்கே பள்ளிக்கூட விடுதியில் விட்டால் மூன்றாம் நாளே மூட்டையோடு வாசலில் வந்து நிற்கிற ஆள்.

ஊரைப் பற்றி அவன் எழுதிய முதல் நீண்ட கடிதம் 1927 ஜனவரியில் பர்மாவில் போட்டாதாங் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தது. துறைமுகக் கிடங்கில் கிளார்க்கான அப்பாவுக்கே அண்ணனின் கோழிக்கிறுக்கல் பிடிபடாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆகவே சாயங்கால ஜெபமாலை முடிந்ததும் நான்தான் வாசித்தேன்.

"சேசு மரி சூசை துணை. சலமன்காவில் கல்லெல்லாம் மஞ்சள். சாயங்கால வெயில் பட்டால் நம் ஷ்வேடகோன் பகோடாவின் தங்க நிறம். கோபுர உச்சிகளில் நாரைக் கூடுகள். மத்தியானம் சாப்பிட்டதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. கடைக்காரனும் தூங்குகிறான்."

"உங்க அப்பாவுக்கு ஏத்த ஊரு" என்றாள் அம்மா. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்த அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"ராச்சாப்பாடு பத்து மணிக்கு. விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை" என்று இருந்ததை, "விடுதிச் சாப்பாடு பரவாயில்லை" என்று வாசித்தேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

அடுத்ததுதான் பெரிய கதை. முதல் ஞாயிறு பெரிய கோயிலுக்குப் போன அண்ணன், நம் ஊர் வழக்கப்படி பூட்ஸையும் காலுறையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறான். அங்கே எல்லோரும் பூட்ஸோடுதான் முழங்காலிடுவார்களாம். அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றவனைப் பார்த்து, ஏதோ பெரிய பாவத்துக்குத் தவம் செய்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மாள் அவன் பூட்ஸை யாரும் எடுக்காமல் காவல் காத்து, தன் மகனுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு பொட்டலம் சுட்ட கஷ்கொட்டையும் கொடுத்தாளாம். வாரா வாரம் கொடுக்கிறாளாம்.

"இப்போது பூட்ஸோடு உள்ளே போனால் நான் கெட்டுப்போய்விட்டதாக நினைப்பார்கள். என்ன செய்வது? ஞாயிறுதோறும் விறைத்துக்கொண்டு நிற்கிறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு முடித்துவிடலாம் என்று, "எல்லாருக்கும் என் அன்பு, பாக்கியசாமி" என்று சொல்லிக் காகிதத்தை மடித்தேன்.

"பிரி" என்றாள் அம்மா. "அதுக்கு முன்னாடி நாலு வரி இருக்கு. உன் விரல் அங்க வந்து நின்னுச்சு."

மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

"லூர்து, இது உனக்கு மட்டும். தினமும் அழுகிறேன். திரும்பி வந்துவிடட்டுமா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பவே நினைச்சேன். நாளைக்கே தந்தி அடிச்சு வரச் சொல்லிடுறேன்."

அண்ணன் மேல் வந்த கோபத்தில் அந்தக் கஷ்கொட்டை அவனுக்குச் செரிக்காமல் போகட்டும் என்றுகூட நினைத்தேன். மதராஸ் அவ்வளவுதான்.

"இருங்க" என்றாள் அம்மா. "ஏண்டி, இத எழுதுறப்ப அவன் அங்க போய் எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"இங்க மூணு நாள்ல மூட்டையத் தூக்குனவன். அங்க ரெண்டு மாசமா தெனம் அழுதுக்கிட்டே பாடத்துக்கும் போறான், ஞாயித்துக்கிழமை வெறுங்காலோட கோயிலுக்கும் போறான். இதவிட எப்படிங்க நிலைக்கிறது?"

அப்பா மெல்ல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அம்மா எழுந்து, வறுத்த இறால் தொக்கான பலச்சாங் வைத்திருந்த ஜாடியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். "இதுல பாதி அனுப்பு. அப்புறம் தடிச்ச கம்பளிக் காலுறை ரெண்டு சோடி வாங்கு. பூட்ஸக் கழட்டட்டும், காலுறைய எந்தச் சாமியும் கழட்டச் சொல்லல."

"ரெண்டு சோடியும் அவனுக்கா?"

"பின்ன? உனக்கெதுக்குடி?" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே. "மதராஸ்ல குளிராது."