யார் வழி ரத்தம்

நான் எளிதில் யாரையும் நம்புகிறவள் இல்லை. மீன்காரர் "இன்னிக்குப் பிடிச்சது" என்றால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டியை நீட்டுவேன். இப்படிப்பட்ட நான்தான் தலசேரியில் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, மாமியார் சொன்னதையெல்லாம் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மகள் நிவ்யாவின் கண் அடிக்கடி மஞ்சளாகும், முகம் வெளுத்துப் போகும். மாமியார் நளினியம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார், உப்பில்லாக் கஞ்சி கொடுத்தார். ஒன்றுக்கும் கேட்கவில்லை. உடனே பழி என் பக்கம் திரும்பியது.

"எங்க வம்சத்துல இப்படி ஒரு நோய் கிடையாது, மோளே. இது உங்க வீட்டு ரத்தம். மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்க."

என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கோயில் குளத்தங்கரை வரைக்கும் சொல்லிவிட்டார். "ரெண்டு பேரையும் அவ வீட்லயே கொண்டு விட்டுடு" என்று மகனிடமும் ஓத ஆரம்பித்தார். என் கணவர் பிஜேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுஹரா குழந்தையின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல இருக்குற சிவப்பணுவோட தோலுக்கு அடியில ஒரு வலை இருக்கும்மா. அதுதான் தோலை இழுத்துப் பிடிச்சு வைக்குது. உங்க பொண்ணுக்கு அந்தப் பிடி தளர்ந்திருக்கு. தோல் துணுக்கு துணுக்கா போயி, தட்டையா இருக்க வேண்டியது உருண்டையாயிடுது. காத்து குறைஞ்ச பந்தை கேட் கம்பிக்கு நடுவுல அமுக்கித் தள்ளிடலாம். நல்லா காத்தடிச்ச பந்து போகுமா? மண்ணீரல் பூரா அந்த மாதிரி சந்துதான். அங்க மாட்டிக்கிட்டு அழிஞ்சுபோகுது."

இது பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வருவதாம். உப்புக் குறைந்த தண்ணீரில் எங்கள் இருவர் ரத்தத்தையும் விட்டுச் சோதித்தார்கள். நிவ்யாவின் அணுக்கள் சீக்கிரமே வெடித்துவிட்டன. என்னுடையவை தாங்கின.

"இனி அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

"என் பையன் ரத்தத்தை யாரும் தொடக் கூடாது!" என்றார் மாமியார்.

ஏன்? வம்சம் அவ்வளவு சுத்தமென்றால் ஊசி குத்த எதற்குப் பயம்? பிஜேஷின் இடது விலாவுக்குக் கீழே நீளமான தழும்பு ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா, எல்லாப் பெண்வீட்டாரையும்போல, மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துச் சாயாக்கடையில் விசாரித்தார். சின்ன வயதில் மதிலிலிருந்து விழுந்த காயம் என்றாராம் கடைக்காரர். அந்தக் கடைக்காரர் நளினியம்மாவின் சித்தப்பா மகன் என்பது பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாமியாரோ என்னிடம் சைக்கிளிலிருந்து விழுந்து கம்பி குத்தியது என்றார். பிஜேஷைக் கேட்டால், "சின்னதுல நடந்தது. அம்மாவுக்குத்தான் தெரியும்." பெற்ற பிள்ளை எதிலிருந்து விழுந்தான் என்று ஒரு தாய்க்கு மறக்குமா?

மகள்மேல் சத்தியம் வைத்து பிஜேஷை இழுத்துக்கொண்டு போனேன். அவருடைய அணுக்களும் அதேபோல் வெடித்தன. ஸ்கேனில் மண்ணீரலே இல்லை.

"சின்ன வயசுலயே எடுத்திருக்காங்க" என்றார் டாக்டர். "அணு இப்பவும் உருண்டைதான். அதை அழிக்கிற இடம் போயிடுச்சு. அதனாலதான் உங்களுக்கு ஒண்ணும் தெரியல."

பிஜேஷ் வீட்டுக்கு வந்து கேட்டார். "என் வயித்துலேர்ந்து ஒண்ணை எடுத்திருக்காங்க. எங்கிட்டகூடச் சொல்ல மாட்டீங்களாம்மா?"

"ஸ்மிஜாவுக்கு நல்ல இடம் வந்திருக்கு. அது முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதே" என்றார் நளினியம்மா. என் நாத்தனார் ஸ்மிஜா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் சேர்ந்துதான் என்னை ஆட்டிவைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வழி கேட்கிற சாக்கில் வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மாமியார் விழுந்து விழுந்து உபசரித்து உட்கார வைத்தார். பெரியவர் நிவ்யாவை உற்றுப் பார்த்தார்.

"குழந்தைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கே?"

"அதுவா, மருமக வழி. எங்க பக்கம் அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார் மாமியார்.

எல்லாம் வெளியே வந்த பிறகும்! பிஜேஷைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"பொய்." சாயாத் தட்டோடு வந்த ஸ்மிஜா சொன்னாள். "அது எங்க வழி." அண்ணன் பக்கம் தலையை அசைத்தாள். "ஏட்டனுக்கு இருக்கு. எனக்கும் இருக்கு. நானே போயி ரத்தம் குடுத்துப் பார்த்துட்டேன்."

வந்தவர்கள் சாயாவைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

"உன் வாழ்க்கையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேடி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்மிஜா அழவில்லை. "நாளைக்கு என் குழந்தைக்குக் கண்ணு மஞ்சளானா, அந்த வீட்டு அம்மாவும் மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. ஏட்டத்தியை, உங்க மருமகளை, அப்படிச் சொன்னது பொய். என்னைச் சொன்னா அது உண்மையா இருக்கும், அம்மே."